தையல் மெஷின் கார்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அன்புச்செல்வனுக்கு அடுத்தடுத்து இரண்டு போன் வந்தன.

முதலாவது சின்னசேலத்திலிருந்து. கோயம்புத்தூர்க்காரர் பிரவீன்குமார். "டிபன் சாப்ட்டுட்டுக் கெளம்பிட்டமுங்க. லாரி பின்னாடியே வருதுங்க. பத்து மணிக்குள்ள உங்க தோட்டத்துல இருப்பமுங்க."

"வாங்க, பாத்துக்கலாம்" என்றான் அன்புச்செல்வன்.

இரண்டாவது கள்ளக்குறிச்சியிலிருந்து. அவனுடைய அக்கா மலர்விழி. "தம்பி, சாதுல்லா பாய் டிராக்டர் எடுத்துக்கினு வந்துட்டாரு. நானும் அதுலயே வரேன். கார ஏத்திக்கினு மத்தியானத்துக்குள்ள திரும்பணும். சோறெல்லாம் ஆக்க வேணாம்னு இலக்கியாகிட்ட சொல்லு."

"வாக்கா, பாத்துக்கலாம்" என்றான் அன்புச்செல்வன்.

இருப்பது ஒரே கார். அதை விலைக்கு எடுத்துப்போக ஒருவர் வருகிறார். பழுது பார்த்து ஓட்ட எடுத்துப்போக ஒருத்தி வருகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

நாற்பத்தேழு வயதுக்குள் அவன் யாரிடமும் முடியாது என்று சொன்னதே இல்லை. கைமாற்றுக் கேட்டால் பாத்துக்கலாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் பாத்துக்கலாம். வரப்புத் தகராறா, அதையும் பாத்துக்கலாம். கேட்டவர்கள் அதில் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போவார்கள். சரி என்று ஒருவர் காதில் விழும். பொறுப்பு என்னுடையது என்று இன்னொருவர் காதில் விழும். தங்கமான மனுஷன் என்று ஊர் பேசியது. தங்கமாவது பித்தளையாவது. எதிரே நிற்பவர் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தைரியம் இல்லாதவன், அவ்வளவுதான்.

வடக்கனந்தலைத் தாண்டி மேற்கே, கல்வராயன் மலை எழும்பத் தொடங்கும் இடத்தில் அவன் தோட்டம். மேட்டில் தார் ரோடு. ரோட்டை ஒட்டி வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகைக்குக் கீழே தரை சரிந்து சரிந்து போய், அறுபதடி தள்ளி ஒரு பெரிய கிணற்றில் முடியும். கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய வெட்டுக் கிணறு. மூன்று வருஷமாக அதில் தண்ணீர் இல்லை.

கொட்டகைக்குள் கார். சிங்கர் ஹன்ட்டர், ஐம்பத்தைந்தாம் வருஷத்து வண்டி. சிங்கர் என்றால் இந்தப் பக்கத்தில் தையல் மெஷின் என்றுதான் தெரியும். அதனால் அவர்கள் அப்பா நடேசன் அதை வாங்கிய நாளிலிருந்தே ஊரில் அதற்குத் தையல் மெஷின் கார் என்று பெயர். மூக்கின் மேல் வெள்ளி நிறத்தில் ஒரு குதிரைத் தலை இருக்கும். ஐயனார் குதிரை உள்ள ஊரில் குதிரையைச் சும்மா விடுவார்களா? வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து வைத்து அதன் நெற்றி சிவந்தே போயிருந்தது. மற்றபடி வண்டியில் உருப்படியாக ஒன்றும் இல்லை. கதவின் அடிப்பாகம் துரு தின்று அரிசி சல்லடையாகக் கிடந்தது. பின்கதவுகளுக்கு உள்கைப்பிடி கிடையாது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும்.

நடேசன் அந்தக் காலத்தில் வெள்ளிமலையில் குடியிருந்து வாடகைக்குக் கார் ஓட்டியவர். கடுக்காய் வியாபாரியிலிருந்து பாம்பு கடித்தவன் வரை எல்லோரும் அதில்தான் மலை இறங்கினார்கள். அவர் மனைவிக்கு வலி எடுத்தபோதும் அதில்தான் படுக்கவைத்துக் கிளம்பினார். மூன்றாவது வளைவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. சந்தைக்குப் பலாப்பழம் கொண்டுபோக ஏறியிருந்த பெரியம்மாள் என்கிற மலைக்காரப் பெண்மணி, பழத்தைக் காலடியில் உருட்டிவிட்டுப் பிள்ளையை ஏந்தினாள். அதுதான் மலர்விழி. பிறந்த இடம் எது என்று பதிவு செய்யும் இடத்தில் கேட்டார்கள். கார் என்றார் நடேசன். கார் என்றெல்லாம் எழுத முடியாது என்று சொல்லி, காரனூர் என்று எழுதிவிட்டார் அங்கிருந்தவர். அக்காவுக்குக் காகிதத்தில் சொந்த ஊர்கூட அவள் ஊர் இல்லை.

அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. பத்து வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் தனியாக ஒரு தையல் கடை வைத்துப் பிழைக்கிறாள். தையல்காரிக்குத் தையல் மெஷின் கார் என்று ஊர் கிண்டலடித்தால், பொருத்தமாத்தானே இருக்குது என்பாள்.

தை மாதம் அவள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்பா நிலத்தில் எனக்கு உரிமை இல்லை, எல்லாம் தம்பிக்கே என்று அக்கா தங்கைகள் எழுதிக்கொடுக்கும் பத்திரம். இங்கே அது ஒரு சடங்கு மாதிரி. மறுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைந்துபோகும். பதிவு அலுவலகத்து வாசலில், கட்டை விரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: "எனக்கு நெலம் வோணாம்டா. அந்தக் கார மட்டும் குடுத்துடு. மெக்கானிக் சாதுல்லா பாய்கிட்ட பேசிட்டேன். அவரு கடைக்கு வர்ற வண்டிக்கெல்லாம் நான் சீட் கவர் தச்சிக் குடுக்கறேன். அவரு இத்தக் கொஞ்சம் கொஞ்சமா செஞ்சி குடுப்பாரு. ஓடற மாதிரி ஆக்கி, ஒரு தபா அந்த மூணாவது வளைவு வரைக்கும் போய்ட்டு வரணும்."

"பாத்துக்கலாம்க்கா" என்றான் தம்பி.

அவன் மனதில் அப்போது கள்ளம் இல்லை. இதை அவனுக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும். காரைக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் பங்குனியில் ஆழ்துளைக் கிணறும் கையை விரித்தது. ஐந்து ஏக்கர் மரவள்ளி வாடி நின்றது. சித்திரையில் பிரவீன்குமார் வந்தார். பழைய கார்களைத் தேடி ஊர் ஊராகப் போகிற மனிதர். கொட்டகைக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காரைத் தொட்டார். அவர் சொன்ன விலைக்கு ஆயிரம் அடி துளை போட்டு, மோட்டாரும் இறக்கி, மீதியும் வைக்கலாம். குடுக்கறீங்களா என்றார். பாத்துக்கலாங்க என்றான். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அந்த ஒரு வார்த்தைதான் அவனிடம் உண்டு.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச்சொன்னது அவன் இல்லை. அவர்களாகவே நாள் குறித்தார்கள், அவன் சரி என்றான். லாரி டயர் வெடிக்கும், மழை வரும், பாய்க்குக் காய்ச்சல் வரும், ஏதாவது ஒன்று நடந்து எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஆனி மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்ன?

"அண்ணிகிட்ட சொல்லிட்டீங்கதான?" என்று கேட்டாள் மனைவி இலக்கியா. கார் விலை போகிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். நாத்தனாரிடம் கேட்டுத்தான் புருஷன் முடித்திருப்பான் என்று நினைத்திருந்தாள், பாவம்.

"ம்" என்றான்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள பூச போட்டு அனுப்பிடணும். எலுமிச்சம்பழம் நாலு பறிச்சி வெச்சிருக்கேன்."

"பாத்துக்கலாம்."

முந்தின வாரம் சாதுல்லா வந்து இரண்டு நாள் காரடியிலேயே கிடந்தார். இறுகிப்போயிருந்த நான்கு சக்கரங்களையும் கழற்றித் துருவைச் சுரண்டி, கிரீஸ் அடைத்து, வேறு டயர் மாட்டினார். முப்பது வருஷமாக அசையாத கார் ஒற்றை விரலுக்கு நகர்ந்தது. நகர்ந்ததும் அவரே பயந்துபோய் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் பெரிய பெரிய கல்லாக அண்டக் கொடுத்தார்.

"அன்பு, கேட்டுக்க. பிரேக் கெடையாது. ஹேண்ட் பிரேக்கும் கெடையாது. இந்த நாலு கல்லுதான் பிரேக்கு. யாரும் கை வெக்கக் கூடாது. வூட்ல சொல்லி வெய்யி."

"பாத்துக்கலாம் பாய்."

வீட்டில் சொன்னானா என்றால், இல்லை.

லாரி பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்தது. டயரும் வெடிக்கவில்லை, மழையும் வரவில்லை. இரும்புக் கயிறும் உருளையும் வைத்த லாரி, கூட இரண்டு ஆட்கள். பிரவீன்குமார் கொட்டகைக்குள் போய் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார்.

"அட, நாலும் சுத்தற மாதிரி பண்ணி வெச்சிருக்கறீங்களே. எனக்காகவா இவ்வளவு சிரமப்பட்டீங்க?"

அன்புச்செல்வன் சிரித்துவைத்தான். யார் சிரமப்பட்டது, யாருக்காக என்று சொல்ல அது நல்ல இடம். அதையும் விட்டான்.

அடுத்த ஐந்தாவது நிமிஷம் ரோட்டில் டிராக்டர் சத்தம் கேட்டது. டிரெய்லர் கடகடத்தது. மட்கார்டின் மேல், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஐம்பது வயது அக்கா ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். கையில் பூமாலைப் பொட்டலம். தம்பி வாங்கி வைக்க மாட்டான் என்று தானே வாங்கி வந்திருந்தாள்.

இறங்கியதும் லாரியைப் பார்த்தாள்.

"யாரு தம்பி இவங்க?"

பதில் பிரவீன்குமாரிடமிருந்து வந்தது. ஒளித்து வைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. "வணக்கங்க. நாங்க கோயம்புத்தூருங்க. கார எடுத்துட்டுப் போக வந்திருக்கறமுங்க. வெல பேசி ரெண்டு மாசமாச்சுங்க."

மலர்விழி தம்பியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கூட்டத்தில் தெரிந்த முகம் எங்கே என்று தேடுகிறவள் மாதிரி அவனையே பார்த்தாள். அவன் குனிந்து தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

"நெஜமாடா?"

"இல்லக்கா… அது வந்து… போரு வத்திப் போச்சி…"

"நெஜமான்னு கேட்டேன்."

அவள் மாலைப் பொட்டலத்தை டிராக்டர் மேலேயே வைத்தாள். நேராகக் கொட்டகைக்குள் நடந்தாள். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாகக் கதவை இழுத்து அடித்துச் சாத்தினாள். துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

"நான் பொறந்த எடத்துல குந்திக்கினு இருக்கேன். யாரு வாங்கனாங்களோ அவங்க என்னையும் சேத்து ஏத்திக்கினு போவட்டும்."

லாரி ஆட்கள் இரும்புக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்கள். சாதுல்லா டிராக்டரை அணைத்துவிட்டு ஓரமாக வந்து நின்றார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இது அக்கா தம்பி விவகாரம், வாயைத் திறந்தால் தப்பு என்றும் புரிந்தது.

பிரவீன்குமார் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று தன்மையாகத்தான் பேசினார். "அம்மா, நான் ஒண்ணு சொல்றனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இது இந்தியாவுல எனக்குத் தெரிஞ்சு ரெண்டோ மூணோதானுங்க இருக்கு. இதுக்கு ஒரு நட்டு வேணுமின்னாலும் லண்டனுக்கு எழுதோணும். இங்க வெச்சு எப்படிங்க செய்வீங்க? இன்னும் ரெண்டு மழ பட்டா அடித்தட்டு கையோட வந்துரும். அப்புறம் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடோணும். நான் எடுத்துட்டுப் போனா இது பொழைக்குமுங்க."

"பாய், அவரு சொல்றது நெஜமா?" என்று உள்ளிருந்தே கேட்டாள் மலர்விழி.

சாதுல்லா தொண்டையைக் கனைத்தார். பொய் சொல்ல வராது அவருக்கு. "நெஜந்தாம்மா. அடித்தட்டு ஓட்ட. வயரெல்லாம் எலி தின்னுடுச்சி. ரெண்டு வருசம் புடிக்கும். மூணும் ஆவலாம். அவரு கையில போனா ஜோரா ஆயிடும். ஆனா ஆவாதுன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆவும்."

"அது போதும்" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "போரு வத்திப் போச்சின்னு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேடா. அக்கா, எனக்கு வேற வழி இல்ல, வித்துக்கட்டுமான்னு கேட்டிருந்தா நான் இன்னா சொல்லியிருப்பேன்? அழுதிருப்பேன். அழுதுட்டு வித்துக்கோன்னு சொல்லியிருப்பேன். கையெழுத்து போட்டன்னிக்கு நான் கேட்டேன், நீ இன்னா சொன்ன?"

"பாத்துக்கலாம்னு சொன்னேன்."

"இவருகிட்ட இன்னா சொன்ன?"

அன்புச்செல்வனின் காது மடல் சுட்டது. "அதேதான்."

பிரவீன்குமார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஏனுங்க, எங்கூர்ல பாத்துக்கலாம்னா, நீங்க கவலப்படாதீங்க நான் முடிச்சுத் தர்றேன்னு அர்த்தமுங்க. அத நம்பித்தான் லாரி எடுத்துட்டு வந்தேன். இப்ப நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. குடுக்கறீங்களா, இல்லீங்களா?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அக்கா பார்த்தாள், பிரவீன்குமார் பார்த்தார், சாதுல்லா பார்த்தார். சரி என்றால், அக்கா இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள். அவளுடைய கடைசிப் பிடியையும் பிடுங்கிய தம்பி என்று காலம் முழுக்க நடமாட வேண்டும். இல்லை என்றால், அந்த ஐந்து ஏக்கரும் காய்ந்து சருகாகும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று ஆறு மாதம் நின்றவனுக்கு இப்போது எந்தக் காலை எடுப்பது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

அந்த நேரத்தில் ஒருத்தி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இலக்கியா தாம்பாளத்தில் கற்பூரமும் நான்கு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மணி பத்து இருபது. நாத்தனாரின் பேச்சைக் கேட்டு அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. புருஷனை நாலு கேள்வி கேட்க வேண்டும்தான், அதை ராத்திரி வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர் போனாலும் சரி, கள்ளக்குறிச்சி போனாலும் சரி, இன்றைக்குக் கார் வாசல் தாண்டத்தான் போகிறது. பூஜை போடாமல் ராகு காலத்தில் அனுப்பினால் பழி வீட்டுக்காரியைத்தான் சேரும். ஓசைப்படாமல் குனிந்து வேலையைத் தொடங்கினாள்.

வண்டி கிளம்பும்போது சக்கரத்துக்கு ஒரு பழம் வைக்க வேண்டும். ஏறி நசுக்கிப் போக வேண்டும். அதுதான் முறை. ஆனால் பழம் வைக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது. கல்லை எடுத்தாள், ஓரமாக வைத்தாள், பழத்தைச் செருகினாள். அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கார் அசைந்து பார்த்ததில்லை. வருஷாவருஷம் ஆயுத பூஜைக்குச் சப்பையான டயருக்கு முன்னால் அவள் வைத்த பழம் நசுங்காமல் அப்படியே காய்ந்து கிடக்கும். வீட்டுச் சுவர் நகரும் என்று யாராவது நினைப்பார்களா? கல்லைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அன்புச்செல்வன் பார்வையைத் தரையில் ஓட்டினான். கொட்டகை ஓரத்தில் ஒரு கல். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது. வரிசையாக, சுத்தமாக எடுத்து வைத்த மாதிரி இருந்தன. யார் எடுத்து வைத்தது என்று அவன் யோசிக்கத் தொடங்கியபோதே காரின் அந்தப் பக்கத்திலிருந்து இலக்கியாவின் வளையல் சத்தம் கேட்டது.

"இலக்கியா, கல்ல எடுக்காத" என்று சொல்ல வாயெடுத்தான். நாலாவது கல் நகரும் சத்தம் அதற்கு முன்னால் கேட்டுவிட்டது.

கார் ஒரு முனகல் முனகியது. முன்சக்கரத்தடியில் பழம் பச்சென்று நசுங்கியது. இலக்கியா பின்னால் கையை ஊன்றி விழுந்தாள். கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்த கார் ஒரு கணம் தயங்கி நிற்கிற மாதிரி தெரிந்தது. பிறகு சரிவு அதைப் பிடித்துக்கொண்டது.

நேர் எதிரே கிணறு.

மலர்விழி கதவைத் தள்ளினாள். உள்ளே கைப்பிடி இல்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டித் துழாவினாள். துருப்பிடித்த பிடி அவள் அவசரத்துக்குத் திரும்பவில்லை. கத்தவில்லை. "தம்பி" என்று ஒரே ஒரு தரம் கூப்பிட்டாள், சின்ன வயதில் அவனைச் சோற்றுக்குக் கூப்பிடுவாளே, அந்தக் குரலில்.

அன்புச்செல்வன் ஓடினான். யோசித்து யோசித்தே எதையும் செய்யாமல் இருந்தவன் அன்றைக்கு யோசிக்காமலே ஓடியது நல்லதாகப் போயிற்று. கதவைத் திறக்க நேரம் இல்லை என்று அவன் காலுக்கே தெரிந்திருந்தது. காரோடு ஓடியபடி, கண்ணாடியில்லாத முன்ஜன்னலுக்குள் இடது கையைத் தோள் வரை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். அசையவில்லை. முப்பது வருஷத் துரு. கிணறு இருபதடியில் இருந்தது. ஒரு காலை மண்ணில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்துத் தொங்கினான். ஏதோ மளுக்கென்றது. ஸ்டியரிங்கா, கை எலும்பா என்று தெரியவில்லை. கார் வலப் பக்கம் முகத்தைத் திருப்பியது. கிணற்று ஓரத்தில் இருந்த மோட்டார் கொட்டாயின் செங்கல் சுவரில் போய் முட்டி நின்றது.

புழுதி அடங்கியது. காரின் இடது முன்சக்கரம் கிணற்றின் விளிம்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி நின்றது. அந்தக் காருக்குப் பானெட் இரும்பு இல்லை, ஃபைபர். துரு தொடாத ஒரே பாகம் அதுதான். அது மூன்றாகப் பிளந்துபோயிருந்தது. குதிரைத் தலை தெறித்துப் போய்க் கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீர் இல்லாத கிணற்றில் பாறையில் அது மோதிய சத்தம் மேலே வரை கேட்டது.

அன்புச்செல்வன் வலது கையால் பின்கதவைத் திறந்தான். இடது கை மணிக்கட்டுக்குக் கீழே சொன்னபடி கேட்கவில்லை. மலர்விழி நெற்றியில் ரத்தம் கசிய இறங்கினாள். இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். இலக்கியா ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "தெரியாம எடுத்துட்டேன் அண்ணி, கல்லு எதுக்குன்னு தெரியாது அண்ணி."

"பாய் சொல்லலயா?" என்றாள் மலர்விழி.

"எங்கிட்ட யாரும் சொல்லல."

சாதுல்லா அன்புச்செல்வனைப் பார்த்தார். "வூட்ல சொல்லச் சொன்னனே."

அக்கா அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பிரவீன்குமார் முதலில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார். மலர்விழி குடித்து, முகம் கழுவி, நெற்றியில் துணி கட்டி முடிக்கும்வரை காரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. பிறகு எழுந்து உடைந்த பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கெடைக்குமுங்க. குதிரையும் கெணத்துலதான இருக்குது. நான் சொன்ன வெலையில ஒண்ணும் கொறைக்கல. ஆனா இன்னொரு நாள் நான் வரமாட்டனுங்க. இப்பவே சொல்லுங்க."

அன்புச்செல்வன் கிணற்றைப் பார்த்தான். அதன் அடியில் வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்தான். தாண்டி அவனுடைய மரவள்ளி வாடி நின்றது. தையில் அக்கா எழுதிக்கொடுத்த பங்கும் அதற்குள்தான் இருந்தது. உதடு பழக்கத்தில் "பாத்து" வரை போயிற்று. அங்கே நிறுத்தினான்.

"முடியாதுங்க" என்றான். அந்த வார்த்தை அவன் வாய்க்குப் புதுசு. குரல் பிசிறியது. "குடுக்க முடியாது. அது என் வண்டி இல்ல. எங்கக்காது. எனக்குத் தெரிஞ்சேதான் உங்களுக்குச் சொன்னேன். தப்பு."

பிரவீன்குமார் முகம் சுருங்கியது. அவன் பயந்த அந்தச் சுருக்கம்தான். பார்த்துக்கொண்டே நின்றான். அப்படி ஒன்றும் உலகம் முடிந்துவிடவில்லை.

"இத ரெண்டு மாசம் முன்னாடி சொல்றதுக்கு என்னங்க? எனக்கு டீசல் மிச்சம், இந்தம்மாளுக்கு ரத்தம் மிச்சம்" என்றார். பிறகு மலர்விழியிடம் கேட்டார். "அம்மா, உங்களுக்கு எப்பவாச்சும் விக்கற மாதிரி தோணுச்சுன்னா…"

"விக்கறதுக்கு இல்லீங்க" என்றாள் மலர்விழி. அவள் எப்போதும் அப்படித்தான். உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை.

அவர் தலையாட்டினார். தன் ஆட்களைக் கூப்பிட்டு, லாரியின் இரும்புக் கயிற்றாலேயே காரைக் கிணற்று ஓரத்திலிருந்து மேலே இழுத்து, சாதுல்லாவின் டிரெய்லரில் ஏற்றிக் கொடுத்தார். கட்டுப் போட்டபின் காரின் கூரையை ஒருமுறை தடவிவிட்டுப் போனார்.

அவர்கள் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அன்புச்செல்வன் கிணற்றுக்குள் இறங்கினான். சுவரில் பதித்த கல் படிகளில் ஒரு கையால் பிடித்துப் பிடித்து இறங்கினான். கை வீங்கி, ஒவ்வொரு படிக்கும் உயிர் போயிற்று. அடியில் வெடிப்புச் சேற்றுக்கு நடுவில் குதிரைத் தலை கிடந்தது. ஒரு காது உடைந்திருந்தது. நெற்றிக் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஏறி வந்தபோது, அக்கா டிராக்டர் மட்கார்டில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தாள். மாலைப் பொட்டலம் பிரிக்காமல் மடியில் இருந்தது.

குதிரையை நீட்டினான். வாங்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் அதன் முகத்து மண்ணைத் துடைத்தாள்.

"கைய கட்டுப் போடு. பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றாள்.

"போறேன்க்கா."

சாதுல்லா டிராக்டரைக் கிளப்பினார். அன்புச்செல்வன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான். அடுத்த மாதம் ஆடிப் பெருக்கு. அப்பா போன பிறகும் ஒரு வருஷம்கூட அவள் ஆடிப் பெருக்குக்குப் பிறந்த வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. அவன் புடவை எடுத்து வைப்பான். அவள் இலக்கியாவுக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டு வருவாள்.

"அக்கா, பதினெட்டுக்கு வூட்டுக்கு வருவல்ல?"

மலர்விழி அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று அவனுக்குப் படிக்கத் தெரியவில்லை. குதிரையை மாலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பாத்துக்கலாம்" என்றாள்.

டிராக்டர் கிளம்பியது. தையல் மெஷின் கார் மூக்கில்லாத முகத்தோடு, பின்பக்கமாக அவனையே பார்த்தபடி, வடக்கனந்தல் ரோட்டில் ஆடி ஆடிப் போயிற்று. திருப்பத்தில் மறையும்வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

இலக்கியா பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணி இன்னாங்க சொன்னாங்க? பதினெட்டுக்கு வராங்களா?"

அந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது என்று அந்த மலையடிவாரத்தில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தபடி நின்றான்.

"தெரியல" என்றான்.